ஊர்க்கல் நட்ட மூன்று நாள்

நம் ஊருக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போகிறார்களாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், நல்ல பையன், போன வாரம் வீட்டுக்கு வந்து ‘ஊர் தோன்றிய வரலாறு’ என்று தான் எழுதிய இரண்டு பக்கத்தை என் கையில் கொடுத்தார். “நீங்கள்லாம் அப்போ கூட இருந்தவங்க. தப்பு இருந்தா திருத்திக் குடுங்கம்மா” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். வெள்ளம் வந்தது, பழைய ஊர் போனது, மலையடிவாரத்தில் இடம் கிடைத்தது, கிணறு வெட்டினோம், ஊர்க்கல் நட்டோம், ஊர் வளர்ந்தது. எல்லாம் நடந்ததுதான். ‘கிணறு வெட்டினோம்’ என்ற இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மைப் பெற்றவர்கள் ஒருவர்கூட அந்தப் பாறையில் ஒரு சில்லு பெயர்த்ததில்லை.

நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். மாட்டு வண்டிகளில் சட்டி பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து இங்கே வந்த பிள்ளைகளில் மிச்சம் இருப்பது நாம் ஏழெட்டுப் பேர்தான். பாதிப் பேர் திருப்பதியில் பிள்ளைகள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் முட்டிவலி, எல்லாருக்கும் சர்க்கரை. இனிமேல் யாருக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? நைனா போய்ச் சேர்ந்தாயிற்று, அம்மாவும் போயாயிற்று.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆறு ஊருக்குள் வந்ததே, அது நினைவிருக்கும். கீழத்தெரு முழுக்கப் போயிற்று. மறுபடியும் அதே இடத்தில் வீடு கட்டக்கூடாது என்று சொல்லி, சர்க்கார் நமக்குக் காட்டிய இடம் இது. மூன்று பக்கம் மலை. கள்ளியும் காரைப்புதரும் தவிர வேறு பச்சை கிடையாது. பஸ் போகிற ரோட்டுக்கு நாலு மைல் நடக்கணும். நாகலாபுரத்துக்கு விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறிய பிறகு போய்ச் சேரலாம். பனை ஓலையைக் கொண்டுவந்து வரிசையாகக் குடிசை போட்டார்கள். புது ஓலை வாசனையும், கல்லைப் புரட்டினால் ஓடுகிற தேளும்தான் எனக்கு அந்த இடத்தின் முதல் ஞாபகம். நம் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் வந்த மறுவாரமே, “இது ஊரா? ஆடு மேய்க்கிற எடம்” என்று சொல்லிவிட்டு நகரியில் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. மலை ஓரத்தில் ஒரு ஊற்று. அலுமினியக் குடத்தை வைத்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றணும். துணியில் வடிகட்டினால் துணி செம்மண் நிறமாகிவிடும். எனக்கு அப்போது பத்து வயது. தண்ணீருக்காகப் பெரிய மனுஷிகள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

தை பிறந்ததும் கிணறு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். மேற்கே, தெலுங்கு பேசுகிற பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி, கூட நாலு ஆட்கள். அந்த ஆளை எல்லாரும் கிணற்றுக்காரர் என்போம், அவளைக் கிணற்றுக்காரி. ஊருக்குக் கிழக்கே புங்கமரத்தடியில் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு இருந்தார்கள். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்து, “ஹோய்!” என்று அவர் கத்தினதும் நாமெல்லாம் ஓடிப் போய்க் குடிசைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவோம். வெடித்த பிறகு கந்தக நாற்றத்தோடு புகை மேலே வரும். அது அடங்குவதற்குள் அவள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். வயிற்றில் பிள்ளையோடு தலையில் கல்லுக்கூடை வைத்து ஏறி வருவாள். மூச்சு வாங்குவது மேலே நிற்கிற எனக்குக் கேட்கும்.

அவளுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அவளைப் பிடிக்கும். மத்தியானத்தில் அவள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தால் நான் போய் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். பேன் பார்த்து, எண்ணெய் இல்லாமலேயே இறுக்கமாகச் சடை போட்டு, சிவப்புக் கயிறால் முடிந்துவிடுவாள். “பாப்பா” என்றுதான் கூப்பிடுவாள். அவள் தமிழ் அரைகுறை, என் தெலுங்கும் அரைகுறை. வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்போம். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதை அவளே சொன்னாள். இது தங்கணும் என்று வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஊற்றுக்கண் திறந்தது. கிணற்றுக்குள்ளிருந்து “நீள்ளு! நீள்ளு!” என்று, தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிறார்கள். ஊரே ஓடியது. அவளும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி எட்டிப் பார்த்தாள். அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் புங்கமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. எட்டு மாசத்துப் பிள்ளை, பெண். என் இரண்டு கையில் அடங்கும் அளவுதான். என் அம்மாதான் கூட இருந்தவள். புதுக்கிணற்றுத் தண்ணீரைச் சுட வைத்து அதை முதல்முதலாகக் குளிப்பாட்டினாள்.

அன்றைக்கு நம் ஊர் ஆடிய ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. “மகாலட்சுமி தண்ணியைக் கையில புடிச்சிக்கினு வந்துட்டா” என்று பெண்கள் குலவை போட்டார்கள். நைனா ஒரு வெல்ல மூட்டையை அவிழ்த்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். “நம்ம ஊர்ல பொறந்த மொதல் கொயந்தை!” என்று எல்லாரிடமும் சொன்னார். நாக்கில் கரைந்த அந்த வெல்லத்தின் ருசி இப்போதும் தெரிகிறது. அந்தப் பேச்சைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்.

தண்ணீர் வந்துவிட்டது, இனி ஊர்க்கல் நட்டுவிட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். ஊருக்கு நடுவே கல் நட்டால்தான் அது ஊர். அதுவரை வெறும் குடிசைக் கூட்டம். அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் அதைப் பொட்ராயி என்பார்கள். நைனாதான் முன்னால் நின்று பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி பத்தடிக்கு ஒருமுறை மண்ணை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றினார். பிறகு பந்தலில் உட்கார்ந்து சட்டம் சொன்னார்.

“வெள்ளிக்கெயம விடிஞ்சதும் ஊரைச் சுத்தி எல்லைக் கயிறு கட்டணும். ஞாயித்துக்கெயம சாயங்காலம் கல்லு நட்ட பெறகுதான் அறுக்கணும். அது வரைக்கும் ஊராளு ஒருத்தர் வெளிய இருக்கக் கூடாது. வெளியாளு ஒருத்தர் உள்ள இருக்கக் கூடாது. வெளிய இருந்து உப்புக்கல்லு கூட உள்ள வரக் கூடாது.”

“அப்போ நீங்க, சாமி?” என்று யாரோ கேட்டார்கள்.

“பூசாரிக்கு ஏது எல்லை?” என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மெட்ராஸில் வேலைக்குப் போயிருந்தவர்களுக்கெல்லாம் ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த மாமியார்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். எல்லாம் ஒரு மாதிரி வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பூசாரி திடீரென்று, “ஈ மட்டிலோ புட்டின வாள்ளு எவரைனா உன்னாரா?” என்று கேட்டார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

நைனா பெருமையாக எழுந்தார். “கீது சாமி. ஒரு பொட்டப்புள்ள. பொறந்து ஒம்போது நாளு ஆவுது.”

“அது ஊராளு. வெளிய வுடாதீங்க. மொதல்ல பொறந்தது எல்லை தாண்டிச்சுன்னா கல்லு நிக்காது.”

“அதைப் பெத்தவங்க, சாமி?”

“எந்த ஊரு?”

“மேக்கே.”

“அப்போ அவங்க வெளியாளு. கயிறு கட்டறதுக்குள்ள எல்லைக்கு அந்தாண்ட போயிடணும்.”

இதில் ஏதோ இடிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தலையை ஆட்டினார்கள். கிணற்றுக்காரரைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார்கள். அவர் முதலில் கிண்டல் என்று நினைத்தார் போலிருக்கிறது, பல்லைக் காட்டினார். பிறகு கும்பிட்டார். பிள்ளையை அவர்கள் பிட்ட என்பார்கள். “சாமி, அது பாலு குடிக்கிற பிட்ட. எங்ககூட அனுப்புங்க. மூணு நாள் கழிச்சு நானே தூக்கிக்கினு வர்றேன்.”

“போனா கல்லு நிக்காதுப்பா.”

“அப்போ அவளை மட்டும் உள்ள வெச்சிக்கோங்க.”

“வெளியாளுன்னு சொன்னேனே.”

“கயித்தாண்ட நின்னு பாலு குடுக்கட்டும். பிட்ட உள்ளயே இருக்கட்டும். அவ வெளியவே இருக்கட்டும்.”

இதற்கு ஒரு நாழிகை வாதம் நடந்தது. கயிற்றுக்கு மேலே குனிந்தால் பாதி உடம்பு உள்ளே வந்த மாதிரியா, வராத மாதிரியா? பாதி வெளியாளும் வெளியாளுதானே? கிண்ணத்தில் கறந்து கொடுத்தால்? உப்பே வரக்கூடாது என்கிறபோது பால் எப்படி வரும்? படித்தவர்கள் மாதிரி பேசினார்கள். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நைனா எழுந்து கிணற்றுக்காரரின் தோளில் கை வைத்தார்.

“பயப்படாதே. என் ஊட்லயும் பாலு குடுக்குறவ ஒருத்தி கீறா. என் புள்ளைக்கு நாலு மாசம்தான் ஆவுது. என் ஊட்டுக் கொயந்தை மாதிரி நான் பாத்துக்கறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார். மரத்தடிக்குப் போய்ப் பெண்சாதியிடம் சொன்னார். அவள் என் அம்மாவை நினைத்திருப்பாள். பிள்ளை பிறக்கும்போது கூட இருந்தவள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை விடியும்போது அவளே வந்து பிள்ளையை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, அதன் கால் இரண்டையும் முத்தமிட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போனாள்.

கயிறு என்பது வைக்கோல் பிரி, புங்கமரத்தை வெளியே விட்டுக் கட்டியது. ஒரு முழத்துக்கு ஒரு கொத்து வேப்பிலை. இடுப்பு உயரம்கூட இல்லை. ஆடு குனிந்து போயிற்று, நாய் தாவிப் போயிற்று, அவற்றுக்கெல்லாம் தடை கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா அதை வாங்கி மாரோடு அணைத்தாள். நைனா ஒரு சொம்பை முன்னால் வைத்தார். “ஆட்டுப்பாலு. பாலாடையில ஊத்து.”

“நீங்கதானே அவங்ககிட்ட சொன்னீங்க, நம்ம ஊட்ல பாலு குடுக்கறவ...”

“பாத்துக்கறேன்னு சொன்னேன். மார்ல போட்டுக்கறேன்னா சொன்னேன்? கையில காப்பு கட்டிக்கினு கீறேன். அவங்க சாதி இன்னா, நம்ம சாதி இன்னா?”

கல்லுக்கு அது ஊர்ப்பிள்ளை. மார்புக்கு வெளியூர்ப் பிள்ளை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அப்போது எரியவில்லை. நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தேன்.

பாலாடை என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வெண்கலத்தில், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். எங்கள் வீட்டில் எனக்கும் அதில்தான் மருந்து ஊற்றினார்களாம். அம்மா அதில் நாலு சொட்டு விட்டாள். பிள்ளைக்கு விழுங்கத் தெரியவில்லை. மூக்கில் ஏறி, தும்மி, கக்கிவிட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அழுகைகூட இல்லை. நைனா பந்தலுக்குப் போனதும் அம்மா நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

அன்று சாயங்காலம் கயிற்றுக்குப் போனேன். அவள் அந்தப் பக்கம் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “பாப்பா! பாலு தாகிந்தா?” என்றாள். பால் குடித்ததா என்று.

“குடிச்சுது. எங்கம்மா குடுத்தாங்க” என்றேன். அது உண்மை. அவள் தரையில் உட்கார்ந்து, நெற்றியை மண்ணில் வைத்து எங்கள் வீட்டுத் திசையைக் கும்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் பால் கட்டிக்கொண்டு அவளுக்கு மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல். ரவிக்கை நனைந்து, கொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. நாமெல்லாம் அன்றைக்குக் காவல். ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் நம் கையில் ஆளுக்கொரு புளியம்விளாறு கொடுத்து, எல்லையைக் காக்கச் சொல்லிவிட்டார்கள். நமக்கு அது திருவிழாவை விடப் பெரிய விளையாட்டு. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கயிற்றோரம் ஓடினோம். அவள் சும்மா நிற்க முடியாமல் கயிற்றின் மேல் கையை வைத்தாள். நம்மில் ஒருவர் அந்தக் கையில் விளாறால் விளாசினார். அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் அடித்தார். மற்றவர்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அடித்தது யார் என்று எழுதமாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்கு அது தெரியும்.

வீட்டில் என் தம்பி அழ ஆரம்பித்திருந்தான். அம்மாவுக்கு இரண்டு பேருக்கும் போதவில்லை. எனக்குத் தம்பி என்றால் உயிர். குதிருக்குப் பின்னால் அந்தப் பிள்ளை மார்பில் கிடக்க, தூளியில் அவன் கையைச் சப்பிக்கொண்டு அழுதால் எனக்குத் தாங்கவில்லை. நம்ம பாலை இன்னொருத்தி பிள்ளை குடிக்கிறதே என்று இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் பந்தலுக்கு மோர் கொண்டுபோனேன்.

பூசாரியும் பத்துப் பதினைந்து பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து தம்பி குரல் கேட்டது. “இன்னாம்மா, தம்பி ஏன் அயுவுறான்?” என்று நைனா சாதாரணமாகக் கேட்டார்.

“அம்மா அவன் பாலைக் கெணத்துக்காரி கொயந்தைக்குக் குடுத்துடறாங்க” என்றேன்.

பூசாரி எடுத்த மோர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒருவர் செருமினார். ஒருவர் மேலே பார்த்தார். நைனா எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா கன்னத்தில் விழுந்த அடியில் அவள் குதிரில் போய் மோதினாள். பிள்ளையை மட்டும் கீழே விடவில்லை. அதற்கப்புறம் என் அத்தையைக் கூட்டிவந்து வீட்டில் காவலுக்கு உட்காரவைத்தார். அத்தை பாலாடையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா சாகிறதுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை, தானாகவே சொன்னாள். “ஒங்க நைனாவுக்கு மொத நாளே தெரியும்மே. குதிராண்ட வந்து பாத்துட்டு, பாக்காத மாதிரி போயிட்டாரு. நீ நாலு பேரு எதிர்ல சொல்லாம இருந்திருந்தா...” அதோடு நிறுத்திவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

ஆட்டுப்பால் அந்த வயிற்றுக்குச் சேரவில்லை. மேலும் போயிற்று, கீழும் போயிற்று. சித்திரை வெயில். ஓலைக்கூரைக்குக் கீழே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது கண்ணைத் திறக்கவில்லை. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அம்மா அத்தையின் காலைப் பிடித்தாள், ஒரே ஒரு தடவை குடுத்துடறேன் அண்ணி என்று. அத்தை எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். அம்மா ஓடிப்போய் மாரில் போட்டாள். அதற்கு உறிஞ்ச சக்தி இல்லை. உச்சி வெயிலில், பந்தலில் பம்பை அடிக்க ஆரம்பித்த நேரத்தில், அது போய்விட்டது.

இதுதான் உங்களுக்குத் தெரியாதது. கல் நட்ட பிறகு அது போனதாகத்தான் ஊர் இன்றைக்கும் சொல்கிறது. கல் காவு வாங்கிக்கொண்டது, அதனால்தான் ஊர் உறுதியாக நின்றது என்றுகூட நம்மில் சிலர் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறீர்கள். கல் நட்டபோது அது எங்கள் வீட்டில் செத்துக் கிடந்தது. சாவு விழுந்த ஊரில் கல் நடக்கூடாது. தீட்டு. கயிறு, காப்பு, பூசாரி எல்லாம் வீண், வேறொரு நாள் பார்த்து முதலிலிருந்து ஆரம்பிக்கணும். நைனா வந்து பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கல் நெஞ்சுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்:

“கல்லு நடுற வரைக்கும் அது தூங்குது. வெளங்குதா? தூங்குது.”

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவ காலைலருந்து கயித்தாண்ட கத்திக்கினு கீறா. ஒன்னைத்தான் நம்புவா. போய்ச் சொல்லிட்டு வா.”

போனேன். அவள் குரல் போயிருந்தது. முகம் வீங்கியிருந்தது. புருஷன் அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக் கையில் பிடித்து வைத்திருந்தார், தாவிவிடாமல். ராத்திரியே தாண்ட வந்தாளாம். தாண்டினால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்று பூசாரி ஆள் அனுப்பிச் சொன்னதால் பிடித்து வைத்திருக்கிறார்.

“பாப்பா, பிட்ட?”

“தூங்குது” என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். “பாலு குடிச்சுட்டு தூங்குது. கையை இப்படி மூடிக்கினு” என்று என் கையை மூடிக் காட்டினேன். அந்த ஜோடனையை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். புருஷனிடம் திரும்பித் தானும் கையை மூடிக் காட்டினாள். அவர் தலைப்பை விட்டார். இரண்டு பேரும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் கல் நட்டார்கள். குழியில் நவதானியம் போட்டதும், மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும், பெண்கள் சாமி வந்து ஆடியதும் நீங்களே பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் அத்தை பிள்ளையைத் துடைத்து, ஒரு புதுத்துணியில் சுற்றி, தம்பியின் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள், யாராவது எட்டிப் பார்த்தால் தூங்குகிற மாதிரித் தெரியட்டும் என்று. பூசாரி அரிவாளால் கயிற்றை அறுத்ததும் முதலில் உள்ளே ஓடிவந்தது அவள்தான். ஊரே கல்லைச் சுற்றி நின்றது. அவள் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் குடிசைக்குள் வந்து, யாரிடமும் கேட்காமல், தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். உட்கார்ந்தாள். ரவிக்கையைத் தளர்த்தி அதன் வாயில் வைத்தாள். பால் தானாகவே பீறிட்டு வந்தது. அதன் கன்னத்தில் வழிந்து, காதுக்குள் போய், துணியை நனைத்தது. அவள் விரலால் வாயைத் துடைத்து மறுபடியும் வைத்தாள். அப்புறம் மறுபடியும். என் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இப்பத்தாம்மா போச்சு. கல்லு நட்டதும்தான்” என்றாள் அத்தை.

அவள் அத்தையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற நைனாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“பாப்பா, மத்தியானம் நீ வந்து சொன்னியே. அப்போ உசுரு இருந்துச்சா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவின் கண் என் மேல் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் பதில் சொன்னது அவருக்குப் பயந்து இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் அழக்கூடாது என்று இருந்தது. இல்லை என்றால் அவள் உடைந்துவிடுவாள், இருந்தது என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று பத்து வயது மூளைக்குப் பட்டது. அதனால் நன்றாக, தெளிவாகச் சொன்னேன்.

“இருந்துச்சு. நல்லா இருந்துச்சு.”

அவள் அதைக் கேட்டாள். பிறகு பிள்ளையை மடியில் கிடத்திவிட்டு, இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். “வைக்கோல் கயிறுதானே” என்றாள். “வைக்கோல் கயிறுதானே. தாண்டியிருந்தா பாலு குடுத்திருப்பேனே. நான்தானே போய் உக்காந்தேன். நான்தானே மரத்தடியில போய் உக்காந்தேன்.” புருஷன் வந்து பிடித்தார். அவர் கையை உதறிவிட்டு அடித்துக்கொண்டாள். நம்மில் ஒருவரையும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தார்கள். கடப்பாரை, கூடை எல்லாம் கிணற்றோரம் கிடந்தபடி கிடந்தது. ஆள் அனுப்பிக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போனதும் நைனா உள்ளே வந்து என் தலையைத் தடவினார். “கெட்டிக்காரி. நல்லா சொன்னே” என்றார்.

என் முதல் பிள்ளைக்கு நான் பால் கொடுத்த அன்றைக்குத்தான் நான் சொன்னது என்ன என்று எனக்கு விளங்கியது. இல்லை, அப்போதே செத்துப் போயிருந்தது, எல்லாரும் சேர்ந்து உன்னை ஏமாற்றினோம் என்று சொல்லியிருந்தால் அவள் எங்களைச் சபித்துவிட்டுப் போயிருப்பாள். அவளுக்கு அந்தப் பாக்கியமாவது இருந்திருக்கும். நான் ஆறுதல் சொல்லி, பிள்ளையைக் கொன்றது தான்தான் என்று அவளை நம்பவைத்து அனுப்பினேன்.